வரவேண்டிய பதில்

"லீவு புரோகிராம் நீ எழுதினதுதானேம்மா? அதுல ஒரு டெஸ்ட் ஃபெயில்" என்றார் மேனேஜர்.

"காலைல எல்லாமே பாஸாச்சே சார்" என்றாள் அவள்.

மேனேஜர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கேட்ட லீவுக்குப் புரோகிராம் சரியான பதிலைக் காட்டுகிறதா என்று பார்க்க அதற்குள்ளேயே எழுதிவைக்கும் டெஸ்ட்டுகளை எல்லாம் புதுக் கருவி ஒன்று தானாகவே தனித்தனி ஃபைலாக்கி, ஓட்டிப் பார்த்து, அவருக்கு அனுப்பியிருந்தது.

'லீவு கேட்பவர்: நான். காரணம்: அக்காவுக்குப் பிரசவம். வரவேண்டிய பதில்: முடியாது.'

புரோகிராமுக்குள் யார் எட்டிப்பார்க்கப் போகிறார்கள் என்று, நேற்று அவர் லீவு மறுத்த கடுப்பில் அவள் எழுதியது.

"சாரி சார், இப்பவே எடுத்துடறேன்."

"இருக்கட்டும். காலைல நானும் பார்த்தேன், இதுவும் பாஸாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி சார் ஃபெயிலாச்சு?"

"அதப் படிச்சுட்டு, உன் லீவுக்கு நான் சரின்னு போட்டுட்டேன்ல, அதான்."