அரிசி டப்பாவில் ஒரு காது

நாடு எல்லையை அடைத்ததில் மயில்சாமிக்கு நல்லதுதான் நடந்தது. வெளிநாட்டு மோட்டார் வருவது நின்றதும், கோயம்புத்தூரில் மூடிக்கிடந்த, அவன் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். மகள் மிருதுளாவின் காது மெஷினுக்குப் புது பேட்டரி வருவதும் அதோடு நின்றுபோனது.

இருந்த பழைய பேட்டரி எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அரை மணி நேரம்தான் தாங்கும். அதனால் மெஷினை ஈரம் படாமல் அரிசி டப்பாவில் வைத்து, சாயந்திரம் அப்பா வந்ததும் அவளே மாட்டிக்கொள்வாள்.

"இது நின்னுச்சுன்னா புள்ளையத் தூக்கிட்டு எல்லை தாண்டிருவேன்" என்பான் மயில்சாமி. தாண்டப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

இன்று டப்பாவைத் திறந்த பூங்கொடி, சுவிட்சைப் போட்டும் மெஷினில் பச்சை விளக்கு எரியாததைப் பார்த்தாள். பதறிப்போய் மகளிடம் நீட்டினாள். மகள் பதறவில்லை.

"எப்பருந்து கண்ணு?" என்று பூங்கொடி வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

"பொங்கலுக்கு முன்னாடியே. அப்பா வாயப் பாத்தே புரிஞ்சுக்குவேன். சொல்லிராதீங்கம்மா, கெளம்பிருவாரு."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பூங்கொடியே மெஷினை மாட்டிவிட்டு, அதன்மேல் முடியை இழுத்து மூடினாள்.

மயில்சாமி கம்பெனிக் கதை சொன்னான். மிருதுளா சரியான இடத்தில் சிரித்தாள். பிறகு அவன் சட்டையை ஆணியில் மாட்ட எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பியபடியே கேட்டான்.

"கண்ணு, அப்பா பேசறது கேக்குதா?"

மிருதுளா அம்மாவைப் பார்த்தாள். பூங்கொடி சத்தம் வராமல் உதட்டை அசைத்தாள்.

"கேக்குதுங்கப்பா."