அவசரக்கார எலிகள்

"இதுவும் உடனே வாலை இழுத்துடுச்சு!" சிந்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் ஆராயும் வலி நிவாரண மருந்தை ஊசி போட்ட எலி, பெட்டிக்குள் இருக்கும் கம்பியின் சூடு வாலில் பட்டாலும் நிதானமாகத்தான் இழுக்க வேண்டும். ஆனால், எந்த எலியும் பொறுக்கவில்லை. சுவிட்சைத் தட்டியதுமே வாலைச் சுருட்டிக்கொண்டது. இப்படியே போனால் அவளுடைய பிஎச்.டி. அவ்வளவுதான்.

"மருந்துதான் வேலை செய்யலையாம்மா?" என்று கூண்டு கழுவியபடி கேட்டாள் ஆய்வுக்கூட ஆயா சந்திரம்மா.

"மெஷின்ல சூடு ஜாஸ்தின்னு நினைக்கிறேன். மஞ்சுநாத்தை வரச் சொல்லியிருக்கேன்."

மெக்கானிக் மஞ்சுநாத் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் சிரித்தார்.

"சூடு ஜாஸ்தியா? கம்பியே அறுந்து கெடக்கு மேடம். சூடே ஆகாது!"

"அப்போ எலிங்க எதுக்கு வாலை இழுக்குது?"

சந்திரம்மா முந்தானை முடிச்சை மெல்லப் பின்னால் மறைத்தாள். அதிலிருந்து ஒரு வேர்க்கடலை உருண்டு விழுந்தது.

"சந்திரம்மா!"

"கோவிச்சுக்காத கண்ணு. சுடுதுல்ல, பாவம்! நீ வூட்டுக்குப் போனப்புறம் பிளக்கைப் புடுங்கிட்டு, நான்தான் பழக்கி வுட்டேன். சுவிட்ச் சத்தம் கேட்டதும் வாலை எடுத்தா ஒரு கடலை."

திட்ட வாயெடுத்த சிந்துவுக்குச் சிரிப்புதான் வந்தது. "எல்லாம் போச்சு! இனிமே புது எலிதான் வரவழைக்கணும்."

"வரட்டும், நீ கவலப்படாத," என்று தைரியம் சொன்னாள் சந்திரம்மா. "அதுங்களுக்கும் ஒரே வாரத்துல கத்துக் குடுத்துடறேன்."