அரை மணி நேரம்

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸுக்கு ஜெயப்பிரகாஷ் புதுக் கண்டக்டர். தினமும் சாயங்காலம், அடிவாரத்தின் முதல் வளைவில் பெரியண்ணன் நடந்துகொண்டிருப்பார். அறுபத்தைந்து வயது. பகலெல்லாம் கீழே கரும்பு வெட்டிவிட்டு, தோளில் பையோடு மலையேறுகிற மனிதர்.

“மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. இவரப் பாத்தா வெக்கமா இருக்குது” என்று ஜெயப்பிரகாஷ் டிரைவரிடம் சொல்லாத நாளில்லை.

அன்று பெரியண்ணன் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஜெயப்பிரகாஷ் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினான்.

“ஏறுங்க பெரியவரே. உடம்ப எதுக்கு இந்தப் பாடு படுத்தறீங்க?”

“வேணாம் தம்பி. நடந்துகினே போயிடறேன்.”

“வைராக்கியம்தான் உங்களுக்கு! சரி, பையயாவது குடுங்க. உங்க வூட்டம்மாகிட்ட குடுத்துட்டுப் போறேன்.”

“யார்கிட்ட குடுப்ப? அவ செத்து நாலு மாசமாச்சு. சாவி என் இடுப்புலதான் இருக்குது.”

 ஜெயப்பிரகாஷ் மெதுவாகச் சொன்னான்: “நடந்தா மூணு மணி நேரமாவும். பஸ்ல வந்தா அரை மணி நேரத்துல வூடு சேந்துடலாமே?”

பெரியண்ணன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“அரை மணி நேரத்துல அந்த வூட்டுக்குப் போயி நான் இன்னா தம்பி பண்றது?”