முப்பத்தொன்பது இடது கண்கள்

"இடது கண்ணை இன்னும் கொஞ்சம் திறங்கண்ணே."

"திறந்துதானே இருக்கேன்."

"மூடியிருக்கீங்க."

"அது பிறவியிலேயே கூச்ச சுபாவம், தம்பி" என்றார் கட்டிங் மாஸ்டர்.

புது வருகைப்பதிவு மெஷினைப் பொருத்த வந்திருந்த மெஷின் தம்பி தலையைச் சொறிந்துகொண்டான். காலையிலிருந்து இவர் இருபத்தேழாவது ஆள்.

அந்த ரெடிமேட் கம்பெனியில் வருகையைப் பதியும் பழைய மெஷின் வலது கண்ணை மட்டும்தான் பார்க்கும். அதற்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றாலும் சில நாள் அயர்ன்காரரைத் துணி மடிக்கிற பெண் என்று சொல்லிவிடும். புது மெஷின் இரண்டு கண்களையும் பார்க்கும். நடந்து வரும்போதே ஆளைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் முதலில் ஒருமுறை, ஒவ்வொருவராக சாம்பிள் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இரண்டு கண்களையும் பதிய வேண்டும். அந்தத் தளத்தில் நாற்பது பேர்.

வலது கண் எல்லாருக்கும் பட்டென்று பதிந்தது. இடது கண் ஒருவருக்குக்கூடப் பதியவில்லை.

முதலில் வந்த சூப்பர்வைசர், இடது கண்ணில் கட்டி என்று கைக்குட்டையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அயர்ன்காரருக்குக் கண்ணில் ஆவி அடித்துவிட்டதாம். பொத்தான் தைக்கிற பெண் சிரித்துச் சிரித்தே கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டிப் பெருக்கும் அம்மா வேறொரு காரணம் சொன்னார்.

"வலது கண்ணு வேலை செய்யும், இடது கண்ணு தூங்கும். அதுங்களுக்குள்ள அப்படி ஒரு ஏற்பாடு, ராசா."

மெஷின் தம்பி லென்ஸைத் துடைத்தான். விளக்கை மாற்றினான். தன் கண்களைக் காட்டிப் பார்த்தான். இரண்டும் உடனே பதிந்தன. ஒன்றும் புரியாமல் தன் முதலாளிக்குப் போன் போட்டான்.

"உன் கண்ணு பதியுதுல்ல? அப்புறம் என்ன? எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு உன்னை முட்டாளாக்குறாங்க. புது மெஷின் வந்தா அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் மாட்டிக்குவாங்கல்ல. 'தொழிலாளர்கள் ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிக் கொடுத்துட்டு வா. மேனேஜர் பாத்துக்குவார்."

"ஒருவேளை மெஷின்லயே ஏதாவது…"

"மெஷின் கோளாறுன்னு எழுதினே, நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

முப்பத்தொன்பது பேர் முடிந்தபோது அவனுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியே வைத்துவிட்டான்.

கடைசியாக செக்கிங் டேபிள் அக்கா வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க சட்டையில மூணாவது பொத்தானை வேற நூல்ல தெச்சிருக்காங்க."

குனிந்து பார்த்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை நூல். ஜன்னலருகே போய்ப் பார்த்த பிறகுதான் அது வேறு வெள்ளை என்று தெரிந்தது.

"எப்படிக்கா?"

"பதினோரு வருஷமா இதானே என் வேலை." கொஞ்சம் தயங்கினார். "இதுல வர்றதை எல்லாம் மேனேஜர் பார்ப்பாரா?"

"பார்ப்பாரு."

"செக்கிங்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கணும்னு சொல்வாங்க… இல்லேன்னா மூட்டை கட்டுற இடத்துக்கு அனுப்பிடுவாங்களாம். சும்மாதான் கேட்டேன்."

சொல்லிவிட்டு இரண்டு கண்களையும் அகலமாகத் திறந்தார். அன்றைக்கு அப்படித் திறந்தவர் அவர் ஒருவர்தான்.

விளக்கு மின்னியது. அவன் பக்கத் திரையில் எழுத்து வந்தது.

'இடது: வெளிச்சத்துக்குக் கருமணி சுருங்கவில்லை. உயிருள்ள கண் அல்ல.'

அவன் நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தான். சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்து வைத்த கண்.

"எடுத்துடுச்சா, தம்பி?" என்று கேட்டார் அக்கா.

திரையில் அவர் பெயருக்கு மேலே முப்பத்தொன்பது பெயர்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'இடது: பதியவில்லை'.

"இல்லக்கா."

அக்கா மடியிலிருந்த கையை இறுக்கிக்கொண்டார்.

"யாருக்குமே எடுக்கலக்கா. காலையிலேர்ந்து முப்பத்தொன்பது பேருக்கும் இதே கதைதான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அக்கா மெல்ல மூச்சு விட்டார். கதவுவரை போய்த் திரும்பினார். "பாவம், உங்க மெஷின் சரியில்ல போலிருக்கு. யாராவது திட்டினா என்னைக் கூப்பிடுங்க. உங்க மேல தப்பில்லன்னு நான் சொல்றேன்."

அவர் போனதும், எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டான். புதுத் தாளில் எழுதினான்: 'இடது பக்கக் கேமராவில் கோளாறு. வலது கண் மட்டுமே போதும்.'

கையெழுத்துப் போட சூப்பர்வைசர் வந்தார். கைக்குட்டையைக் காணோம். கட்டியையும் காணோம். தாளை இரண்டு தடவை படித்தார்.

"உன் மெஷினுக்கு நீயே கோளாறுன்னு எழுதியிருக்கியே, தம்பி?"

"எனக்குப் புரிஞ்சுபோச்சு சார். அந்தக்கா பேரு மட்டும் தனியாத் தெரியக் கூடாதுன்னுதானே முப்பத்தொன்பது பேரும் பேசி வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடினீங்க?"

சூப்பர்வைசர் பேனாவை அப்படியே வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குழப்பத்தோடு அவன் பக்கம் திரும்பினார்.

"முப்பத்தொன்பது பேரா? என்ன தம்பி சொல்றே? துணைக்கு நான் ஒருத்தன்தானே கண்ணைப் பொத்தினேன்? அந்தம்மாவோட கண்ணு விஷயம் எனக்கு மட்டும்தானே தெரியும்!"