துணைக்கு வந்தவள்

"கம்பத்துல ஏறி கரண்ட்ல கை வைக்கிறவளுக்கு டாக்டர் கட்டில்ல ஏறப் பயமாம். உனக்குத் துணைக்கு வந்து நான் மாட்டிக்கிட்டேன், பாரு."

மாமியார் மூன்று மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மின்கம்பம் ஏறி வேலை பார்க்கும் மருமகள் இன்றும் சிரித்து வைத்தாள்.

பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பயம் என்று முதலில் அழுதவள் மருமகள்தான். "நீங்க முதல்ல பண்ணிக்குங்க அத்தை. அதைப் பாத்தா எனக்குத் தைரியம் வரும்."

மாமியாருக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பன்னிரண்டு வருடம். அதன் வாயில் செல்கள் மாறியிருந்ததால் எடுத்தார்கள். அப்புறமும் வருடாவருடம் வரச் சொன்னார்கள். இல்லாத இடத்தில் எதைத் தேடப்போகிறார்கள் என்று அவள் போகவே இல்லை. அன்று, பெண் நடுங்குகிறாளே என்றுதான் போய்ப் படுத்தாள்.

மருமகளுக்கு ஒன்றுமில்லை என்று வந்ததாம். இவளுக்குத்தான் பிறப்புறுப்பின் உள்தோலில் மாற்றம். புற்று இல்லை. விட்டுவைத்தால் ஆகலாம். இன்று லேசர் சிகிச்சை.

"லேசர்னா வெல்டிங் மாதிரியா?"

"மேல்தோலை மட்டும் சுடுவாங்க அத்தை. மரத்துப்போக ஊசி போட்டுத்தான்."

"மிச்சம் இருந்துட்டா?"

"மறுபடி வருவோம்."

"வருவோமாம். படுக்கிறது நானு."

உள்ளே இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விட்டுடாதடி."

"கம்பத்தையே விட்டதில்ல. உங்களை விடுவேனா?"

அரை மணி நேரத்தில் முடிந்தது.

"கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்தாச்சு. ஆறு மாசத்துல மறுபடி ஒரு டெஸ்ட். தவறாம வரணும்," என்றார் டாக்டர்.

மருமகள் மருந்து வாங்கப் போனாள். கால்மாட்டில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன ஃபைலை மாமியார் சும்மா புரட்டினாள். முதல் தாள், முன்பதிவுப் படிவம். மருமகளின் சாய்ந்த எழுத்து. தேதி, அவள் பயந்து அழுத நாளுக்குப் பத்து நாள் முந்தையது.

நோயாளி என்ற இடத்தில் மாமியாரின் பெயர். துணைக்கு வருபவர் என்ற இடத்தில், மருமகள்.

மருந்தோடு மருமகள் திரும்பியபோது ஃபைல் கால்மாட்டிலேயே இருந்தது.

"ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட்டாம். உனக்குப் பயமா இருக்குமே," என்றாள் மாமியார். "கவலைப்படாத. துணைக்கு நான் வரேன்."