உள்ளங்கை அகலப் பொத்தான்

தொழிற்சாலையின் குளிர் அறைக்குள், தான் வடிவமைத்த மண்வாரி எந்திரத்தின் இருக்கையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு விட்டால் வெண்புகை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மெக்கானிக் வேலை பார்க்கும் அவள் கொழுந்தன், வியர்த்து வழிந்தபடி அட்டையால் விசிறிக்கொள்கிறான். பனி தேசத்துக்குப் போகும் முதல் வண்டி இது. இந்தச் சோதனைக் குளிரில் எஞ்சின் கிளம்பினால் சாயங்காலம் கப்பலேறும். கிளம்பாவிட்டால் ஆர்டர் கைநழுவும். தடித்த கையுறையோடு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறாள். ஹாரன் அலறுகிறது. மறுபடி அழுத்தினால் வைப்பர் ஆடுகிறது. “அண்ணி, வண்டியக் கிளப்பச் சொன்னா கச்சேரி வைக்கிறீங்களே!” என்கிறது ஸ்பீக்கர். “விரல் ஒவ்வொண்ணும் உலக்கையா இருக்கு தம்பி. ஒண்ணத் தொட்டா மூணு அமுங்குது!” வெயிலில் வளர்ந்தவள், வெறும் விரலுக்கு அளந்து பொத்தான் வைத்துவிட்டாள். “கையுறையக் கழட்டுங்க.” “அங்க கழட்டினா விரல் வெறைச்சிடும். பெரிய பொத்தான் கொண்டா!” துளை போடும் எந்திரத்திலிருந்து உள்ளங்கை அகலப் பச்சைப் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு, பனியனோடு அப்படியே உள்ளே பாய்கிறான். பல் தந்தியடிக்க மாட்டி முடிக்கிறான். அவள் பொத்தான்மேல் ஓங்கி ஓர் அறை வைக்கிறாள். எஞ்சின் இருமுகிறது, செருமுகிறது, பிறகு உறுமுகிறது. கண்ணாடியில் படிந்த உறைபனி பொலபொலவென்று உதிர, கொழுந்தன் கைகால் உதறி ஆடுகிறான். குளிரிலா குஷியிலா என்பது அவனுக்கே தெரியாது.