மெஷின் படிக்காத வரி

“என்னாம்மா அழிக்கிற?”

கம்ப்யூட்டர் திரையில் வரி வரியாக அழித்துக்கொண்டிருந்த அமிர்தவல்லி திடுக்கிட்டுத் திரும்பினாள். கதவருகே காத்தவராயன் நின்றுகொண்டிருந்தார். குருசுக்குப்பத்து மீனவர். புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மூன்று பேரில் ஒருவரான சாமிக்கண்ணு அவருடைய தம்பி.

“வாங்கண்ணே. உக்காருங்க.”

“உக்கார வரல. நாளைக்கு விசாரணைக்கு ஆபீசருங்க வராங்க. இன்னைக்கு உக்காந்து எதையோ அழிக்கிற. அது என்னான்னு சொல்லு.”

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“கமெண்ட்டுண்ணே.”

“அப்படின்னா?”

“இந்தப் புரோகிராமுக்கு நடுவுல, இது எதுக்கு, அது எதுக்குன்னு அங்கங்க எழுதி வெச்சிருக்கற வரிங்க. மெஷின் அதைப் படிக்காது. பின்னாடி வர்ற மனுஷங்க படிச்சுப் புரிஞ்சிக்கறதுக்கு.”

“மனுஷங்க படிக்கறதுக்கு எழுதுனத, மனுஷங்க வரப்போறாங்கன்னதும் அழிக்கிறியா?”

அமிர்தவல்லி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லாஸ்பேட்டையில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புயல் செய்தியை இங்கே தட்டினால் ஒயர்லெஸ் வழியாகக் குப்பங்களுக்குப் போகும். அங்கே இருக்கும் ஒயர்லெஸ் செட் அதை வாங்கி எச்சரிக்கைச் சங்கு ஊதும். கம்ப்யூட்டரையும் ஒயர்லெஸ்ஸையும் பேச வைப்பதுதான் இந்தப் புரோகிராமின் வேலை. எழுதிய ஹிதாயத்துல்லா வேலையை விட்டு பஹ்ரைனுக்குப் போய்விட்டான். இப்போது இது அமிர்தவல்லியின் பொறுப்பு.

அன்றைக்கு மற்ற குப்பங்களில் எல்லாம் சங்கு ஊதியது. குருசுக்குப்பத்தில் மட்டும் ஊதவில்லை; புயல் வருவது தெரியாமல் அந்த மூன்று பேரும் கடலுக்குப் போய்விட்டார்கள். கரையேறி வந்த அலை அங்கிருந்த செட்டையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஏன் ஊதவில்லை என்று சொல்ல, மிச்சம் இருந்தது இந்தப் புரோகிராம் மட்டும்தான்.

“உங்க மானேஜரு அழிக்கச் சொன்னாரா?”

“இல்லண்ணே. நானாத்தான் அழிக்கிறேன்.”

காத்தவராயன் அவளையே பார்த்தார். அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

“நீயாவேவா? சொன்னதைச் செய்யிற கூலிக்காரின்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது.”

“அண்ணே…”

“அண்ணேன்னு கூப்பிடாத! பொணம்கூட கெடைக்கலம்மா எங்களுக்கு. வைக்கோல்ல ஆளு கட்டி, அதுக்கு அவன் சட்டையப் போட்டுக் கொளுத்துனோம். கொள்ளி வெச்சிட்டு நேரா இங்க வரேன். எதனால என் தம்பி செத்தான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும்னு வந்தா, நீ தடம் தெரியாம தொடைச்சிட்டு இருக்கே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“படிச்சவங்க இதுக்குத்தான் படிக்கிறீங்களா? நீயும் ஒரு வயித்துல பொறந்தவதானே? உன் விரலு அழுவிப் போவ!”

வாசலில் இறங்கியவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிக் கட்டடத்தைப் பார்த்துத் தூற்றிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். ஆபீஸ் பையன்கள்கூட வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். யாரும் அமிர்தவல்லியின் பக்கம் வரவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு வரியை மட்டும் எடுத்தால் சந்தேகம் வரும். அதனால் எல்லா வரிகளையும் எடுத்தாள். பிறகு பீரோவில் நகலுக்காக வைத்திருந்த பிளாப்பியைக் கொண்டுவந்து அதிலும் எடுத்தாள்.

சாயங்காலம் மானேஜர் கிருஷ்ணசாமி அப்போதுதான் பிரிண்ட் எடுத்த காகிதத்தோடு ஓடி வந்தார்.

“அமிர்தவல்லி! ஹிதாயத்துல்லா குருசுக்குப்பத்தைப் பத்தி எழுதி வெச்சிருந்தானே, அந்த வரி எங்க?”

“எடுத்துட்டேன் சார்.”

“பிளாப்பியில இருக்குமே?”

“அதுலயும் எடுத்துட்டேன்.”

கிருஷ்ணசாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அது ஒண்ணுதாம்மா நம்ம கையில இருந்த ஆதாரம். அது இருந்தா நம்ம மேல தப்பில்லன்னு ஆயிருக்கும். வாயால சொன்னா எவன் நம்புவான்? புரோகிராம்தான் கோளாறுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. மொதல்ல போவறது உன் வேலைதான், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“உண்மையை அழிச்சிருக்கே நீ.”

“ஆமா சார்.”

“அந்தாளு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்திட்டுப் போனானாம். உன்னைச் சபிச்சிட்டுப் போனானாம். அவன்கிட்டயாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அமிர்தவல்லி கம்ப்யூட்டரை அணைத்தாள்.

“என்னான்னு சார் சொல்றது? ‘விடியக்கால டெஸ்ட் சங்குக்குக் கைக்குழந்தை முழிச்சிக்கிதுன்னு சாமிக்கண்ணு மறுபடியும் செட்டோட ஒயரைப் புடுங்கிப் போட்டுட்டாரு’ன்னு ஹிதாயத்துல்லா எழுதியிருந்தாரே, அதைச் சொல்றதா? அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரு பொண்டாட்டி இனிமேலும் அந்தக் குப்பத்துலதானே சார் இருக்கணும்? செத்துப்போன மத்த ரெண்டு பேரு பொண்டாட்டிங்களோட ஒரே குழாயிலதானே தண்ணி புடிக்கணும்?”